கீதாரி கூடும் மருமக கேட்ட டென்ட்டும்

பேரப்பிள்ளைங்க லீவு முடிஞ்சு சென்னைக்குக் கிளம்பிப் பத்து நாளாச்சு. வயலும் காஞ்சு கிடக்கு, வேலையும் குறைச்சல். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கணும்.

பங்குனி மாசம் மருமக போன் பண்ணுச்சு. "மாமா, பரீட்சை லீவுக்கு நாங்க நாலு பேரும் வரோம். பிள்ளைங்க ரெண்டும் வயல்ல டென்ட் போட்டுப் படுக்கணும்னு அடம் பிடிக்குதுங்க. ஐயாயிரத்துக்குள்ள, சட்டுனு போடுற மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறோம். எதை வாங்குறது மாமா?"ன்னு கேட்டுச்சு. பின்னாடி மகன் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. "அப்பாகிட்டப் போயி டென்ட் கேக்குறியே"ங்கிறான்.

அவன் சிரிச்சது எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. படிச்சது பத்தாவது வரைக்கும்தான். ஆனா கூடாரத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அது அவனுக்கும் தெரியும், மறந்துட்டான். ரெண்டு நாள் டைம் குடும்மான்னு சொல்லிட்டு, இந்தக் கூடாரம்ங்கிறது எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதையும் பட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல எங்க ஊர்க் கதை. டெல்டாவுல சம்பா அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரம் சீமையிலேருந்து கீதாரிங்க ஆடு ஓட்டிக்கிட்டு வருவாங்க. பகல்ல ஆடு அறுத்த தாள்ல மேயும். ராத்திரி நம்ம வயல்ல கிடை போடுவாங்க. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல இறங்கும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு சும்மா சொல்லல. அதுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு பணமோ நெல்லோ குடுப்போம்.

கிடை ஒரே இடத்துல நிக்காது. இன்னைக்கு இந்த வயல், நாளைக்கு அடுத்த வயல். அப்படின்னா வீடும் தினம் நகரணும். அவங்க வீடுங்கிறது ஒரு கூடுதான். மூங்கில் வரிச்சை வளைச்சுக் கட்டி, மேல பனை ஓலை வேஞ்சு, அரைப் பீப்பாய் கவுத்து வச்ச மாதிரி இருக்கும். ஆட்டுக்குட்டியை அடைக்க ஒண்ணு, பச்சைப் பிள்ளையோட தாய் படுக்க ஒண்ணு. ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சாத் தூக்கிரலாம். வச்ச இடத்துல வீடு. ஆணி கிடையாது, கம்பி கிடையாது. சின்ன வயசுல நான் வரப்புல உக்காந்து அதை வேடிக்கை பார்ப்பேன். நான் சட்டையைக் கழட்டி மாட்டுற நேரத்துல அவங்க குடித்தனம் மாறியிருக்கும்.

இன்னைக்குக் கடையில 'உடனடி டென்ட்'னு விக்கிறது புதுசு இல்லைங்க. தினம் இடம் மாறணும்ங்கிற கட்டாயம் யாருக்கெல்லாம் இருந்துச்சோ, அவங்க எல்லாரும் அதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க.

அரபு நாட்டுப் பாலைவனத்துல ஆடு, ஒட்டகம் மேய்க்கிற பெதுவின் மக்கள் ஆட்டு மயிரைத் திரிச்சு கறுப்புக் கூடாரம் நெய்வாங்க. வெயில் நேரத்துல அந்த நெசவுக்குள்ள காத்து புகுந்து போகும். மழை பட்டா இழை ஊதி, ஓட்டை அடைச்சுக்கும். மங்கோலியாவுல கம்பளி அழுத்திச் செஞ்ச தடிப்புத் துணியை, மடங்குற மரச்சட்டத்து மேல போத்தி வட்ட வீடு கட்டுறாங்க. அமெரிக்காவுல காட்டெருமை பின்னாடி அலைஞ்ச பூர்வகுடிகள் நெட்டைக் கழிகளைக் கூம்பா நிறுத்தி, எருமைத் தோல் போத்தி வாழ்ந்தாங்க. உச்சியில புகை போக வழி விட்டிருப்பாங்க. தோல், கம்பளி, மயிர், ஓலை. அவனவன் கிட்ட என்ன இருந்துச்சோ அதுல செஞ்சான்.

மேய்க்கிறவனுக்கு அடுத்தபடியா கூடாரம் தேவைப்பட்டது படைக்கு. எங்க ஊர்ல ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டக் கேட்டேன். "முல்லைப்பாட்டு முழுக்கவே ஒரு பாசறைதானேய்யா"ன்னார். பத்துப்பாட்டுல சின்னது அது, 103 அடி, பாடினவர் நப்பூதனார். காட்டை வெட்டி, முள்ளு வேலி போட்டு, தெருத் தெருவா பாடி அமைச்சதைச் சொல்லுதாம். வீரர்கள் வில்லை ஊணி, அம்புக்கூட்டைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டி இருக்கை போட்டிருக்காங்க. ராஜாவுக்குத் திரை கட்டி அறை பிரிச்ச தனி இடம், யவனர் காவல். அத்தனை வசதி இருந்தும் ராஜா தூங்கல. அடிபட்ட யானையையும் குதிரையையும் செத்த வீரனையும் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். வாத்தியார் இதைச் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

பாளையம்ங்கிற பேரே படை தங்கின இடம்ங்கிற அர்த்தம்தான். ராஜபாளையம், மேட்டுப்பாளையம்னு சொல்றப்ப அந்தப் பழைய அர்த்தமும் கூடவே வருது.

வெள்ளைக்காரங்க பக்கம் வந்தா, அமெரிக்க ராணுவத்துல ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லின்னு ஒரு அதிகாரி. பூர்வகுடிகளோட கூம்பு வீட்டைப் பார்த்து, அதே மாதிரி நடுவுல ஒரே கம்பு வச்ச கித்தான் கூடாரம் ஒண்ணு செஞ்சு 1856ல காப்புரிமை வாங்கினார். பட்டாளம் ஒரு கூடாரத்துக்கு 5 டாலர் குடுக்கிறதா பேச்சு. அப்புறம் உள்நாட்டுப் போர் வந்துச்சு. அவர் தெற்குப் பக்கம் சேர்ந்துட்டார். வடக்குப் படை அவர் கூடாரத்துல படுத்துக்கிட்டே அவருக்குப் பணம் குடுக்கிறதை நிறுத்திருச்சு. அவர் யாரைப் பார்த்துச் செஞ்சாரோ அந்த ஜனங்களுக்கு முதல்லயே யாரும் எதுவும் குடுக்கல.

சந்தோஷத்துக்காகக் கூடாரம் போடுறது அதுக்கப்புறம்தான் பரவுச்சு. இங்கிலாந்துல தாமஸ் ஹைரம் ஹோல்டிங்னு ஒருத்தர். தொழில் தையல். சின்னப் பிள்ளையா 1853ல அமெரிக்கப் புல்வெளியை வண்டிக் கூட்டத்தோட கடந்தவர். அந்த ருசி விடல. சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போற மாதிரி லேசான கூடாரம் தைச்சார். 1901ல சைக்கிள் முகாம்காரங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, 1908ல முகாம் போடுறது எப்படின்னு புத்தகமும் எழுதினார். படைக்காரன் வண்டியில ஏத்தின சுமையை ஒரு தையக்காரர் சைக்கிளுக்குக் கொண்டு வந்துட்டார்.

அதுவரைக்கும் பெரும்பாலும் கித்தான் துணிதான். இங்கிலீஷ்ல கான்வாஸ்ங்கிற பேரு கஞ்சாச் செடியோட லத்தீன் பேர்லேருந்து வந்ததாம். அந்தச் செடி நார்லதான் முதல்ல நெய்தாங்க. தார்ப்பாய்ங்கிறதும் அப்படித்தான். கப்பல்காரங்க தார் பூசின துணியைச் சொன்ன 'டார்பாலின்'. நம்ம ஆளுங்க அதை வாங்கி, தார்+பாய்னு தமிழாவே ஆக்கிட்டாங்க.

1935ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியில வாலஸ் கரோத்தர்ஸ் நைலானைக் கண்டுபிடிச்சார். 1941ல இங்கிலாந்துல பாலியெஸ்டர் வந்துச்சு. கூடாரத்தோட கனம் இறங்குச்சு. 1955ல பில் மாஸ்னு ஒரு அமெரிக்க ஓவியர், குடை மாதிரி விரியிற கூடாரம் ஒண்ணு செஞ்சார். 1975ல நார்த் ஃபேஸ் கம்பெனி, வளையிற கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமா போட்டு, நடுக்கம்பே இல்லாத கவுத்த சட்டி மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. 2005ல பிரெஞ்சுக் கம்பெனி டெகாத்லான், தூக்கி எறிஞ்சா தானா விரியிற கூடாரத்தை '2 செகண்ட்'ங்கிற பேர்ல வித்துச்சு. வரிச்சை வளைச்சு அரைவட்டமா நிறுத்தினா காத்து வழுக்கிட்டுப் போகும்ங்கிறது கீதாரி கூட்டுலயே இருக்கு. ஓலைக்குப் பதிலா பாலியெஸ்டர், மூங்கிலுக்குப் பதிலா ஃபைபர் கம்பி, அவ்வளவுதான்.

இனி பட்ட கதை. 2018 நவம்பர் 16, விடிஞ்சா வெள்ளிக்கிழமை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. எங்க வீட்டு ஓடு முக்காவாசி போச்சு. கொல்லையில இருந்த பதினேழு தென்னையில நின்னது மூணு. கரண்டு வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

சுவத்துல ஒரு பக்கம், விழுந்த தென்னையில ஒரு பக்கம்னு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஆறு பேர் கீழ இருந்தோம். கூடாரத்தைப் பத்தி எனக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்தது அந்தத் தார்ப்பாய்தான். நடுவுல தொய்வு விட்டுக் கட்டிட்டேன். மழைத் தண்ணி அங்க குளமாத் தேங்கி, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாரம் தாங்காம கண்ணி கிழிஞ்சு எங்க மேலயே கொட்டுச்சு. அதைச் சரி பண்ணினா, மேல நனையாம கீழ நனைஞ்சோம். தரையில ஊத்துத் தண்ணி பாய்க்கு அடியில வந்துருச்சு. அப்பாவுக்கு அப்ப எழுபத்தொம்பது வயசு. அந்த ஈரத்துல பிடிச்ச சளி தை மாசம் வரைக்கும் விடல. பழைய ஆளா அவர் திரும்பவே இல்ல. ஒரு தரைவிரிப்பு சரியா இருந்திருந்தா, ஒரு கயிறை ஒழுங்காக் கட்டியிருந்தா... இன்னைக்கும் அந்த நினைப்பு வரும்.

அதனால மருமகளுக்கு நான் போன்ல சொன்னது விளையாட்டுக்காகச் சொன்னது இல்ல. உங்களுக்கும் உதவும், அதனால எழுதுறேன்.

நாலு பேருக்குன்னு போட்டிருந்தா, நாலு பேர் தோளோட தோள் ஒட்டிப் படுக்கலாம்னு அர்த்தம். பை வைக்க இடம் இருக்காது. நாலு பேருக்கு ஆறு பேர் கூடாரமா வாங்குங்க.

தரைத்துணி தனியா இல்லாம, சுவரோட சேர்த்துத் தைச்சு, நாலு பக்கமும் கொஞ்சம் மேல ஏறித் தொட்டி மாதிரி இருக்கணும். கஜாவுல எங்களுக்கு இல்லாதது இதுதான். பூச்சி பொட்டு வராம இருக்கவும் இது வேணும். ஜிப்பு அடி வரைக்கும் மூடணும்.

துணி எவ்வளவு தண்ணிக்குத் தாங்கும்னு மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க. மேல் துணிக்கு 2000 இருந்தா நம்ம மழைக்கு மோசமில்ல. தரைக்கு அதைவிடக் கூட இருக்கட்டும், படுக்கிறவங்க பாரம் அழுத்துமில்ல. தையல் மேல பட்டை ஒட்டியிருக்கான்னும் பாருங்க.

ரெண்டு அடுக்கு இருக்கணும். உள்ள வலை, வெளிய மழைத்துணி, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. மனுஷன் மூச்சுலயே ராத்திரி பூரா ஈரம் வருது. ஒத்தை அடுக்குன்னா விடியக்காலம் உள்பக்கம் சொட்டும், மழையே பெய்யாம நனைவோம்.

தூக்கி எறிஞ்சா விரியிறது போடச் சுலபம், மடக்கத்தான் சிரமம். மடக்கினாலும் பெரிய சல்லடை மாதிரி வட்டமா நிக்கும், பஸ்ஸுல கொண்டு வர்றவங்களுக்குத் தோதுப்படாது. கம்பி ஏற்கனவே கோத்து, குடை மாதிரி இழுத்து நிறுத்துறது நடுத்தரம். அஞ்சு நிமிஷம் ஆகும், ஆனா நீளப் பையில அடங்கும்.

கடைசியா, எந்தக் கூடாரமா இருந்தாலும் முளைக்குச்சியையும் கயிறையும் பையிலேயே விட்டுராதீங்க. காத்து இல்லாதப்பவே அடிச்சு வைங்க, குச்சி கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கணும். உள்ள அடுப்புப் பத்த வைக்கவே கூடாது, தீயைவிடப் புகை மோசம். ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சை பிடிச்சு அடுத்த தடவை குப்பைதான்.

மருமக எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, குடை மாதிரி விரியிறதுல ஆறு பேர் கூடாரம் ஒண்ணை நாலாயிரத்து எண்ணூறுக்கு வாங்கிட்டு வந்துச்சு. சித்திரையில வயல்ல போட்டோம். முதல் தடவை இருபது நிமிஷம், மூணாவது தடவை ஆறு நிமிஷம். பக்கத்து வயல்ல அப்பக் கிடை கிடந்துச்சு. கீதாரி வீட்டம்மா வந்து சுத்திப் பார்த்துச்சு. நிறத்தைப் பத்திக் கேக்கல, விலையையும் கேக்கல. தரைத்துணியைக் கையால அழுத்திப் பார்த்துட்டு, "தண்ணி கீழே இருந்து ஏறாதுல்லண்ணே?"ன்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு.

மூணாம் நாள் ராத்திரி கோடை மழை ஒண்ணு நல்லாவே பிடிச்சுது. நான் டார்ச் எடுத்துக்கிட்டு ஓடினேன். ஜிப்பைத் திறந்தா நாலு பேரும் நல்ல தூக்கம். கையை விட்டுத் தரையைத் தடவிப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. சத்தம் போடாம மூடிட்டு வந்துட்டேன். மகன் மட்டும் முழிச்சிருக்கான் போல. காலையில காப்பி குடிக்கறப்ப, "தாத்தாவுக்கு அன்னைக்கு இது இருந்திருக்கலாம்ப்பா"ன்னான். அவனும் மறக்கல.

கிளம்புறப்ப கூடாரத்தைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போகல, இங்கேயே விட்டுட்டாங்க. ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு, மடிச்சு, பரண்ல வச்சிருக்கேன். ஐப்பசி பொறந்ததும் இறக்கி ஒரு தடவை போட்டுப் பார்த்து, குச்சி எத்தனை இருக்குன்னு எண்ணி வைக்கணும்.