ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும்: எது முன்கூட்டிச் சொல்லும்?

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி நடக்கும் சுங்கத் தரகர் அலுவலகங்களில் பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில் என்று கோப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. 2018ஆம் ஆண்டின் உரிம விதிகள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாக்கச் சொல்கின்றன. அவை குடியிருக்கும் டிஸ்க் அதுவரை தாங்குமா? லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையில் ‘-ஏ’ சேர்த்துக் கேட்டால், ஹார்ட் டிஸ்க்கும் பதில் சொல்லும், எஸ்.எஸ்.டி.யும் சொல்லும். சொல்லும் விதம்தான் வேறு.

ஹார்ட் டிஸ்க் நீளமான பட்டியலைத் தரும். அதில் 5, 197 எண்ணுள்ள வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. பூஜ்ஜியம் 8 ஆகி, அடுத்த வாரம் 20 ஆனால் பழுது பரவுகிறது என்று பொருள். 199 மட்டும் ஏறினால் சந்தேகம் தட்டின் மேல் அல்ல, கேபிள் மேல். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும் ஊரில் இந்த வரியைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யின் அறிக்கை சிறியது. எழுதி எழுதித் தேய்ந்த அளவு சதவீதமாக வரும். அது 100ஐத் தாண்டினாலும் உடனே நின்றுவிடாது. உபரி இடம் குறைகிறதா, மீடியா பிழை ஏறுகிறதா என்பதே முக்கியம். தேய்மானத்தைச் சொல்வதில் எஸ்.எஸ்.டி. தெளிவானது. ஆனால் கன்ட்ரோலர் சிப் பழுதானால், எந்த எண்ணும் ஏறாமலே கணினியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இரண்டின் அறிக்கையிலும் மொத்த முடிவாக வரும் ‘பாஸ்டு’ (தேறியது) என்ற ஒற்றைச் சொல்லை நம்பக்கூடாது. ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றிய கூகுளின் 2007 ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, அந்தப் பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், பழுதானவற்றில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

ஆக, எச்சரிக்கை தருவதில் ஹார்ட் டிஸ்க்குக்கே கூடுதல் மதிப்பெண். பழைய கோப்புகளை அதில் வைத்து, மாதம் ஒருமுறை அதே கட்டளையால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் ‘லாங்’ சோதனை ஓட்டுங்கள். வேகம் வேண்டிய அன்றாட வேலைக்கு எஸ்.எஸ்.டி. போதும். 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது; அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தக் கட்டளையும் முன்னறியாது. ஒரு நகலை மதுரையிலோ கோவையிலோ வைத்துவிடுங்கள்.