நிலம் விற்ற பணமும் சிகாகோ கோபுரமும்



"பி.இ. சிவில் முடித்தாயிற்று. இனி எம்.இ., பிஎச்.டி. எல்லாம் எதற்கு? அதுவும் அரசாங்கப் பணத்தில்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. வரலாற்றிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். பதிவு சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1862-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நெருக்கடியிலும் அதிபர் லிங்கன் 'மாரில் சட்டம்' என்ற கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு அரசு நிலம். அதை விற்ற பணத்தில், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு விவசாயமும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரிகள் நடத்த வேண்டும். (அந்த நிலங்கள் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிபோனவை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.) அப்படி 1867-ல் பிறந்ததுதான் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம்.

1952-ல் அங்கே டாக்காவிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பெயர் பஸ்லுர் ரஹ்மான் கான். சிவில் பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஃபுல்பிரைட் உதவித்தொகையும் பாகிஸ்தான் அரசின் உதவித்தொகையும் கிடைத்து மேற்படிப்புக்கு வந்தவர். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்கள், ஒரு முனைவர் பட்டம்!

பிறகு அதே மாநிலத்தின் சிகாகோ நகரில் வேலை. அன்று உயரமான கட்டடங்களுக்கு உள்ளே முழுக்கத் தூண்கள் நிறுத்துவார்கள். மாடி ஏற ஏறக் காற்றின் வேகத்தைத் தாங்கவே எஃகு ஏராளமாகச் செலவாகும். கான் வேறுவிதமாக யோசித்தார். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், வலிமை முழுவதும் வெளிச்சுற்றில். கட்டடத்தையும் அப்படி ஒரு குழாயாக நிற்க வைத்தால் என்ன?

பலன்? 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர அடிக்குச் சுமார் 42 பவுண்டு எஃகு ஆனது. கானின் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்துக்குச் சுமார் 30 பவுண்டுதான். அடுத்து, கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமுடன் சேர்ந்து, ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டியதுபோல் சியர்ஸ் கோபுரம்: 110 மாடி, 1,450 அடி. இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான்.

1982-ல், 52 வயதிலேயே கான் காலமானார். கோபுரத்தின் அருகே ஒரு தெருமுனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளநிலைப் படிப்பு, இருக்கும் விதிப்படி கட்டக் கற்றுத்தருகிறது. அந்த விதி ஏன் வந்தது, மாற்ற முடியுமா என்று கேட்கும் தைரியம் மேற்படிப்பில்தான் வளர்கிறது. கான் படித்த துறை இன்று 'சிவில் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல்' துறை. குடிநீர், கழிவுநீர், வெள்ளம் என்று நம் ஊர்களுக்கும் அதே கேள்விகள் காத்திருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு ஒதுக்கும் பணம் வீண் செலவல்ல, அது விதைநெல்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சிவில் படிக்கும் பிள்ளை இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.