மாடித்தோட்டம் (பள்ளிகொண்டா வட்டாரம்)

மொட்டை மாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் காய், கீரை, கொடி வகைகளைக் கலந்து வளர்ப்பது மாடித்தோட்டம். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில், உத்திர ரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற பள்ளிகொண்டா பேரூராட்சியிலும் அக்கம்பக்கத்திலும் இதைத் தொடங்குபவர் விதைக்கும் மண்ணுக்கும் முன்பாகத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

காரணம் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளுக்குப் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புத் தடவியே வரும். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரில் இறங்கும். பதனிடுகையில் குரோமியமும் சேரும். பல பத்தாண்டுகள் இந்தக் கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் கலந்து கிணறுகள் உவர்த்துப்போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடியில் தங்கிவிட்ட உப்பு இன்னும் போகவில்லை.

வயலைவிடப் பையில் உவர்நீரின் கேடு சீக்கிரம் தெரியும். நீர் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே தங்கும். பையின் விளிம்பை ஒட்டி வெள்ளையாகப் பொரிந்த படலம், ஓரம் மட்டும் கருகிய இலை: இரண்டையும் சேர்த்துக் கண்டால் சத்துக்குறை என்று எண்ணி உரம் போடக் கூடாது, அதுவும் உப்புதான். அடித்துளையில் வடியும்வரை மழைநீரை ஊற்றிக் கழுவ வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும்; அதைச் சாக்கடையில் விடுவது பெரும் இழப்பு. ஆர்.ஓ. கருவி ஒதுக்கும் நீர், கிணற்று நீரைவிட உப்புச் செறிந்தது, செடிக்கு ஆகாது. டேனரிச் சேற்றை எருவாக்கவே கூடாது. தென்னை நார்க்கழிவுக் கட்டியையும் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் உப்பைத் தாங்கா. தக்காளி நடுத்தரம். பீட்ரூட், காராமணி, பருப்புக்கீரை தாக்குப்பிடிக்கும். எனவே மழைநீர்ப் பைகள் ஒருபுறம், கிணற்றுநீர்ப் பைகள் மறுபுறம் என்று பிரித்துவிட்டால் சிறிய மாடியிலும் பலவகை விளையும்.

மழைநீர்ப் பக்கத்தில் முதல் இடம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குத் தரத்தக்கது. அணைக்கட்டுப் பகுதியின் இந்த நாட்டுரகம், வேலூர் முள்ளுக்கத்தரி என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும் தண்டிலும் முள் இருப்பதால் வெறுங்கையால் இழுக்காமல் கத்தரித்து எடுக்க வேண்டும். செடிக்கு ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பை போதும். அது ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பினால் ஈரத்தோடு 30 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலப்பது தளத்துக்கும் நல்லது. மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பைக்கடியில் செங்கலும் மேலே நிழல்வலையும் தேவை.

விதைக்கென்று ஒரு பூவை, விரியும் முன்பே மெல்லிய துணியால் மூடிக் கட்டினால் பக்கத்துக் கத்தரியின் மகரந்தம் கலக்காது. காய் பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு அடையாளத்துக்கு நூல் கட்டலாம். காய் மஞ்சளாகி முற்றியபின் விதையை நீரில் அலசி, மூழ்குவதை மட்டும் எடுத்து, சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த ஆடிப்பட்டத்துக்கு விதை கையில் இருக்கும்.