கட்டண விருந்தும் வீட்டு விலங்கும்

தலைநகர் டில்லியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள் சில, இல்லத்தில் ஓர் அறையை ஒழித்து, தெற்கிலிருந்து படிப்பையும் உத்தியோகத்தையும் நாடி வரும் பிள்ளைகளுக்கு இடமும் உணவும் அளித்து மாதக் கட்டணம் பெறுகின்றன. இதனைப் 'பேயிங் கெஸ்ட்' என்று வழங்குகிறோம். அவ்வில்லங்களுட் சிலவற்றில் நாயோ பூனையோ முன்னரே குடியிருக்கிறது. வந்தவனுக்கும் வளர்ந்ததற்கும் பிணக்கு நேரின் வீட்டார் யார் பக்கம் நிற்பது? இரயில்வே குடியிருப்பில் உள்வாடகைக்கு விதி இடந்தராது; ஆதலின் இவ்வருமானத்தில் எனக்குப் பங்கில்லை. பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்ற முறையிலேயே இதன் பழைய வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணை நம்மிற் பலர் கண்டிருப்பர். தோப்ராவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதனை இங்குக் கொணர்ந்தான். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அதன் பிராமி எழுத்துக்களைப் படித்து வெளிப்படுத்தினார். வழிநெடுக ஆலமரம் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும், தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்ததையும் ஏழாம் சாசனம் உரைக்கிறது. அவை யாருக்காக? விலங்குகளுக்கும் மனிதர்க்கும் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறான் அசோகன். அந்நாளில் வழிப்போக்கன் என்றால் அவனுடைய எருதும் குதிரையும் உடன் எண்ணப்பட்டன.

அரசன் அறத்தைச் சொன்னான். கௌடில்யர் கணக்கைச் சொன்னார். வீட்டுக்கு வந்தவரையும் போனவரையும் வீட்டுக்காரன் அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாதவிடத்து அவ்விரவில் நேரும் குற்றம் அவனையே சாரும். குற்றம் ஏதும் நேராவிடினும் மூன்று பணம் தண்டம் என்கிறது அர்த்தசாஸ்திரம். டில்லியில் குடிவைப்போர் இன்றும் காவல் நிலையத்துக்கு விவரம் தருவதை நினைத்தால் நகைப்பு வருகிறது. கொம்போ தந்தமோ உடைய விலங்கு ஒருவனைத் துன்புறுத்தக் கண்டும் விடுவிக்காத உரிமையாளனுக்கும் அந்நூல் தண்டம் விதிக்கிறது.

இனிச் சராய்களின் காலம். ஷேர் ஷா ஆண்டது 1540 முதல் 1545 வரை, ஐந்தே ஆண்டுகள். பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்றாக 1,700 சராய்களை அவன் நிறுவினான் என்று அப்பாஸ் கான் சர்வானி எழுதுகிறார். எண் சற்று மிகையெனினும், ஏற்பாடு எப்படிப்பட்டது பாருங்கள்! இந்துக்களுக்குத் தனியிடம், முஸ்லிம்களுக்குத் தனியிடம், வாயிலில் தண்ணீர், வந்தவனுக்கு உணவு, அவன் குதிரைக்குத் தானியம். பின்னர் மொகலாயர் காலத்தில் பட்டியாரா எனப்பட்டோர் குடும்பத்தோடு சராயிலேயே வாழ்ந்து, வருவோர்க்குச் சமைத்துக் கொடுத்துக் கூலி பெற்றனர். காசு வாங்கிக்கொண்டு அடுப்பைப் பகிர்ந்த அம்மகளிரே இன்றைய பேயிங் கெஸ்ட் வைத்திருக்கும் அம்மாமார்களுக்கு முன்னோடிகள் என்பேன்.

சராய் ரோஹில்லா இரயில் நிலையமும், யூசுப் சராயும் அப்பழஞ்சொல்லைத் தாங்கி நிற்கின்றன. கட்வாரியா சராய், ஜியா சராய், பேர் சராய் ஆகிய இடங்களிலோ இன்றும் வெளியூர் மாணவர்கள் அறையெடுத்துத் தங்குகின்றனர்! சராயில் விலங்கு விருந்தினனுடையது. அதனைக் கட்டவும் ஊட்டவும் முற்றத்தில் இடமிருந்தது. இன்றோ வீடே சத்திரமாயிற்று, விலங்கு வீட்டுக்காரருடையது. முற்றமும் போயிற்று. இரண்டாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் நாயும் நடமாட வேண்டும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் உறங்க வேண்டும்.

டில்லி அரசு 2007-இல் 'பெட் அண்டு பிரேக்பாஸ்ட்' சட்டம் இயற்றியது. ஆனால் அது சுற்றுலாப் பயணியரைக் கருதியது. மாதக்கணக்கில் தங்கும் மாணவனுக்கு அதனால் பெரும்பயன் இல்லை. நமக்கு நெருங்கியது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடைச் சட்டம். கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பயன் அது. அதன்படி 1962-இல் சென்னையில் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமை அச்சட்டத்தில் குற்றம். டில்லி மாநகராட்சிச் சட்டமோ, 1957 முதலே நாய்க்குப் பதிவு கேட்கிறது.

நானறிந்த ஒரு தமிழ் இல்லத்தில், வந்த பிள்ளை அஞ்சுகிறான் என்பதற்காக ஒன்பது வயது நாயைப் பகல் முழுவதும் பால்கனியில் கட்டிவைத்தனர். அது இரவெல்லாம் ஊளையிட்டது. பிள்ளைக்கும் தூக்கமில்லை, அண்டை வீட்டார்க்கும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்றாம் வாரமே அவன் புறப்பட்டான். கட்டண வரவு நின்றதில் அவ்வீட்டுப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் தவணை தவறிற்று. நாயின்மேலும் குற்றமில்லை, பிள்ளையின்மேலும் குற்றமில்லை. இடம் பேசியபோது வாடகையையும் சாப்பாட்டையும் பேசினார்களேயன்றி நாயைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்பொழுது அவ்வீட்டம்மாள், ஊரிலிருந்து இடம் விசாரிப்போர்க்கு முதலில் நாயின் வயதையும், ஆண்டுதோறும் ஊசி போட்டிருப்பதையும், அது கூடத்தில்தான் படுக்கும் என்பதையும் சொல்கிறார். பிறகே வாடகையைச் சொல்கிறார். சென்ற ஆனியில் திருநெல்வேலியிலிருந்து வந்த பிள்ளை இன்னமும் அங்கேயே இருக்கிறான். மாலையில் நாயை வெளியே அழைத்துச் செல்பவனும் அவன்தான்.