ஃபேனையே பிரிச்சு மாட்டுவான்... புத்தகத்தைத் தொட்டா தூக்கம்! செய்து கற்கும் பிள்ளைகள் பாடத்தை சமாளிப்பது எப்படி?

சைக்கிள் செயின் கழன்றால் இரண்டே நிமிஷத்தில் மாட்டிவிடுவான். பழைய ஃபேனைப் பிரித்துப்போட்டு, திருப்பி சேர்த்தும் விடுவான். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது வரியிலேயே கண் சொக்கும். "கை ஓடுது, மண்டையில மட்டும் எதுவும் ஏற மாட்டேங்குது" என்று வீட்டில் புலம்பல் ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் மீது ‘மக்கு’ என்ற முத்திரை சீக்கிரமே விழுந்துவிடுகிறது. உண்மையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கையால் புரிந்துகொண்டதை, 3 மணி நேரத் தேர்வில் பேனாவால் எழுதிக் காட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாலத்தை எப்படிக் கட்டுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

5-ம் வகுப்பு வரை நல்லாத்தானே படிச்சான்?

பல பெற்றோரின் கேள்வி இது. தமிழக அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் பெருமளவு ‘செய்து கற்கும்’ முறையில்தான் நடக்கின்றன. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரிந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தில் பயன்பட்ட அட்டை முறைதான் இதற்கு முன்மாதிரி. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாட்டு, பொம்மை, அட்டை, விளையாட்டு எல்லாம் உண்டு.

6-ம் வகுப்புக்கு வந்ததும் கதை மாறுகிறது. போர்டைப் பார், நோட்டில் எழுது, மனப்பாடம் செய். பிள்ளை அதே பிள்ளைதான். பாடம் நடத்தும் விதம்தான் மாறியது.

‘கினஸ்தெடிக் லேர்னர்’ என்ற பட்டம் தேவையா?

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர் என நான்காகப் பிரிக்கும் ‘வார்க்’ முறை மிகவும் பிரபலம். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கியது இது. ஆனால் 2008-ல் அமெரிக்க உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று சக ஆய்வாளர்களும் இதுவரை நடந்த ஆய்வுகளை அலசினார்கள். ஒவ்வொருவரின் ‘டைப்’புக்கு ஏற்ப பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் சொன்ன முடிவு.

செய்து பார்ப்பது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. "என் பையன் கைவேலை டைப், அவனுக்குப் படிப்பு வராது" என்று கதவைச் சாத்திவிடக் கூடாது, அவ்வளவுதான். கையில் எடுத்துப் பார்த்தால் புரிகிறது என்றால் அங்கிருந்து தொடங்கலாம். அங்கேயே நின்றுவிடத்தான் கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

கணக்கில் பலருக்கும் பயம் பின்னத்தில்தான் ஆரம்பிக்கும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன? ஒரு தாளை எடுங்க. நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பிரியுங்க. அதே தாளைக் குறுக்குவாக்கில் மூன்றாக மடித்துப் பிரியுங்க. இப்போது 6 கட்டங்கள் இருக்கும். பாதித் தாள் என்றால் 3 கட்டம், மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 கட்டம். ஆக மொத்தம் 6-ல் 5. மீச்சிறு பொது மடங்கு எதற்கு எடுக்கிறோம் என்பது இந்த ஒரு தாளிலேயே பிடிபட்டுவிடும்.

வட்டத்துக்கு டிஃபன் பாக்ஸ் மூடியும் நூலும் போதும். மூடியைச் சுற்றிய நூலை விட்டத்தோடு வைத்து அளந்தால், மூன்று முறை போக கொஞ்சம் மிச்சம் வரும். அந்த மிச்சம்தான் 3.14-ல் இருக்கும் 0.14. பிதாகரஸ் தேற்றம் வேண்டுமா? வீடு கட்டும் இடத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்க. மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3 அடி, 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று கொத்தனார் பார்ப்பதே அந்தத் தேற்றம்தான்.

ஐஐடி கான்பூரில் படித்தவர், குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர் அரவிந்த் குப்தா. அவருடைய தீக்குச்சி விளையாட்டு எளிமையானது. மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளால் இணைக்க வேண்டும். சதுரம் செய்தால் அமுக்கியதும் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. மின் கோபுரங்களில் ஏன் முக்கோணமாகவே தெரிகிறது என்ற கேள்வி தானாக வரும்.

வேதியியல் சமன்பாட்டுக்குப் புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையும் போதும். 4 புளியங்கொட்டை ஹைட்ரஜன், 2 கடலை ஆக்சிஜன். ஒவ்வொரு கடலையோடும் இரண்டு கொட்டை சேர்த்தால் 2 தண்ணீர் மூலக்கூறு தயார், மிச்சம் எதுவும் இல்லை. மின்சுற்றுக்கு பேட்டரியும் டார்ச் பல்பும் மட்டுமே. வீட்டு பிளக் பக்கமே போகக் கூடாது.

தமிழுக்குக்கூட கை உதவும். திருக்குறளை அலகிடும்போது நேரசைக்கு ஒரு தட்டு, நிரையசைக்கு இரண்டு தட்டு. தே-மா என்றால் தட்டு, தட்டு. புளி-மா என்றால் தட்டுதட்டு, தட்டு. வாய்பாட்டை உருப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை: அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்து கொடுக்கும் தெர்மாகோல் எரிமலையால் கற்பவர் அப்பா மட்டும்தான்.

கையில் இருந்து பேப்பருக்கு

செய்து முடித்ததும் பொருட்களை ஓரமாக வைத்துவிட வேண்டும். "இப்போ என்ன செஞ்சே, ஏன் அப்படி வந்துச்சு?" என்று கேட்டு வாயால் சொல்ல வைக்கலாம். அடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் ஒரு படமும் ஐந்து வரியும் எழுத வேண்டும். அதன் பிறகே புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன கலைச்சொற்களைச் சேர்க்க வேண்டும். ‘பக்க இணைப்பு’ என்று எழுதினால்தான் மார்க். ‘தனித்தனியா ஒயர் போறது’ என்று எழுதினால் கிடைக்காது.

இப்படிப் பார்க்காமல் எழுதுவதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது.

மார்க் எங்கே இருக்கிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. பிளஸ் 2 இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்து கற்கும் பிள்ளைகள் இதை முழுசாக அள்ள முடியும். ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரம் பார்த்து எழுதுபவர்கள் இழப்பதும் இங்கேதான்.

எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், வாசிக்கவே திணறுகிறார்கள் என்றால் அது வெறும் ‘கைவேலை ஆர்வம்’ அல்ல. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். தலைமை ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசுவது நல்லது.

10-ம் வகுப்புக்குப் பிறகு?

"படிக்கலைன்னா ஐடிஐ-ல தள்ளிடுவேன்" என்று மிரட்டுவது பல வீடுகளில் வழக்கம். ஆசையாகப் போக வேண்டிய இடத்தைத் தண்டனையாக மாற்றுவது இதுதான். பிளஸ் 1-ல் தொழிற்கல்விப் பிரிவு, ஐடிஐ, 3 ஆண்டு பாலிடெக்னிக் என வழிகள் இருக்கின்றன. ஐடிஐ முடித்தவர்கள் தகுதி இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. 2-ம் ஆண்டில் சேரலாம். ஆனால் பாலிடெக்னிக் முதல் ஆண்டிலும் கணக்கும் இயற்பியலும் காத்திருக்கும் என்பதை விண்ணப்பம் போடும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.