பாட்டுக்குப் போட்டியா, குரலுக்குப் போட்டியா? சன்ரேமோ விழாவும் கல்முனைக் கரையும்

1. ஆய்வுப் பொருள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், எம்.ஏ. நுஃமான் ஆகியோரைத் தந்த மண் இது. நல்ல குரல் உள்ளவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கலியாண வீட்டில் யாரையாவது பாடச் சொன்னால் நாகூர் ஹனீபாவின் பாட்டோ திரைப்பாட்டோதான் முதலில் வருகிறது. இங்கே எழுதி, இங்கே மெட்டமைத்த புதுப்பாட்டு அரிதாகவே கேட்கிறது.

நம் பாட்டுப் போட்டிகளின் விதிகள் இதற்கு ஒரு முக்கிய காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எதைப் போட்டிக்கு வைக்கிறோமோ அதை வளர்க்கிறோம். இத்தாலியில் ஆண்டுதோறும் நடந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும் சன்ரேமோ பாட்டு விழாவை நமது அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிறது.

2. சன்ரேமோவின் விதி

2.1 தோற்றம்

சன்ரேமோ, பிரெஞ்சு எல்லைக்கு அருகே லிகூரியாக் கரையில் உள்ள சிறு நகரம். பூச்செய்கைக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊருக்கு மீண்டும் உயிரூட்ட ஒரு பாட்டு விழா நடத்தலாம் என்று முன்மொழிந்தவர்களில் அமில்காரே ரம்பால்தி என்ற பூ வியாபாரியும் ஒருவர். 1951 ஜனவரி 29 முதல் 31 வரை, அவ்வூர்ச் சூதாட்ட விடுதியின் மண்டபத்தில் முதல் விழா நடந்தது. ராய் என்ற அரச வானொலி அதை ஒலிபரப்பியது. விழா பிறந்த இடம் நமக்கு ஒவ்வாதது; அதன் விதியைக் கற்பதற்கு அது தடையாகாது.

முதல் விழாவுக்கு வந்த பாட்டுகள் 20. அத்தனையையும் பாடியவர்கள் நில்லா பிட்சி, அகில்லே தொல்யானி, ஃபசானோ இரட்டையர் என்ற மூன்றே தரப்பினர். நில்லா பிட்சி பாடிய 'கிராட்சியே தெய் ஃபியோரி' முதலிடம் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டில், முதல் மூன்று இடங்களைப் பிடித்த பாட்டுகளையும் அவரே பாடியிருந்தார். குரலை அளக்கும் போட்டியாக இருந்தால் இதற்குப் பொருளே இல்லை. ஒருவர் தன்னையே வென்று தன்னிடமே தோற்க முடியுமா? அங்கே மோதியவை பாட்டுகள்.

2.2 புதிய பாட்டு, இரண்டு குரல்

விழாவுக்கு வரும் பாட்டு அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது என்பது இன்றுவரை விழாவின் முதுகெலும்பான விதி. இசைக்குழு மேடையிலேயே வாசிக்கிறது. 1950களிலும் 60களிலும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே பாட்டை இரண்டு பாடகர்கள் தனித்தனியாகப் பாடினார்கள். ஒரு குரலின் கவர்ச்சியில் பாட்டின் குறை மறையாதிருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன். 1958இல் தொமேனிகோ மொதுன்யோவும் ஜானி தொரெல்லியும் இப்படித்தான் ஒரே பாட்டைப் பாடினர். 'வொலாரே' என்று உலகம் அறிந்த அந்தப் பாட்டை மொதுன்யோவும் ஃபிராங்கோ மில்யாச்சியும் எழுதியிருந்தனர். 1959இல் நடந்த முதல் கிராமி விருது விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த ஒலிப்பதிவு ஆகிய இரண்டு விருதுகளும் அதற்கே கிடைத்தன.

1955இல் விழா தொலைக்காட்சிக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே 1956இல் தொடங்கிய யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு இதுவே முன்மாதிரி. 1977 முதல் சன்ரேமோ விழா பெரும்பாலும் அவ்வூரின் அரிஸ்தோன் அரங்கில் நடக்கிறது.

2.3 இழப்பு

1967இல் தன் பாட்டு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாத இரவில் லுயீஜி தென்கோ என்ற இளம் பாடலாசிரியர் உயிரிழந்தார். தன் முடிவுக்குப் பொதுமக்களின் தேர்வையும் தேர்வுக் குழுவின் தேர்வையும் எதிர்ப்பதே காரணம் என்று எழுதி வைத்திருந்தார். 1972இல் அவர் பெயரால் ஒரு கழகத்தைத் தொடங்கியவர் முன்னே சொன்ன அதே ரம்பால்தி. தாமே எழுதித் தாமே பாடுபவர்களைப் போட்டியின்றிக் கௌரவிக்கும் மேடையை அக்கழகம் அமைத்தது. விழாவை முன்மொழிந்தவரே அதன் போதாமையையும் கண்டு மாற்றுவழி தேடினார் என்பது என் மதிப்பில் சன்ரேமோ வரலாற்றின் மிக உயர்ந்த பக்கம்.

3. நமது போட்டிகள்

3.1 வானொலி

முதல் சன்ரேமோ விழாவுக்கு அடுத்த ஆண்டு, 1952இல், இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. இந்தித் திரைப்பாட்டுகளை வரிசைப்படுத்திய அந்நிகழ்ச்சியிலும் பாட்டுகளே மோதின. ஆனால் அவை ஏற்கெனவே திரைக்கு வந்தவை. வானொலி அவற்றுக்கு இடம் கொடுத்தது, அவற்றைப் பிறப்பிக்கவில்லை.

தமிழில் நமக்கு நெருக்கமானது 'பாட்டுக்குப் பாட்டு'. பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் வளர்த்த இந்நிகழ்ச்சி பின்னர் சன் டிவி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் போனது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைத் தயங்காமல், சொல் பிசகாமல் பாட வேண்டும். பழைய பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் மதிக்கக் கற்பித்த நிகழ்ச்சி அது. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது. எனினும் அது அளந்தது நினைவாற்றலை.

3.2 தொலைக்காட்சி

2006இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் வந்தபின் குரல் தேடும் போட்டிகள் பெருகின. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப சிறுவர் பட்டத்தை யாழ்ப்பாணச் சிறுமி கில்மிஷா வென்றபோது இலங்கைத் தமிழ்பேசும் வீடுகளெல்லாம் மகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனாலும் அம்மேடையின் மூலப்பொருள் திரைப்பாட்டுதான். எழுதுகிறவருக்கும் மெட்டுப் போடுகிறவருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

3.3 பாடசாலையும் பிரதேச செயலகமும்

தமிழ் மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று தேசிய மட்டம் வரை போகிறது. அதில் எழுத்தாக்கம் ஒரு பக்கம், இசை இன்னொரு பக்கம். பிரதேச இலக்கியப் போட்டிகளில் பாடலாக்கம் என்ற பிரிவு உண்டு. ஆனால் நடுவரின் கைக்குப் போவது தாளில் எழுதிய வரிகள். பாடப்படாத பாட்டுக்குப் பரிசு கொடுத்து அதைக் கோவைக்குள் வைத்து மூடிவிடுகிறோம். எழுதியவரும் பாடுகிறவரும் ஒரே ஊரில் இருந்தும் சந்திப்பதில்லை.

4. கவி: நம் கையிலிருந்த விதி

நம் கரையில் புதுப்பாட்டுப் போட்டி இருந்ததேயில்லை என்பது தவறு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் 'கவி' அதுவே. வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் ஒரு கவி சொல்ல, அடுத்த வயலிலிருந்து எதிர்க்கவி வரும். மச்சான், மச்சி என்று விளித்து ஆணும் பெண்ணும் வாதாடும் கவிகள் ஏராளம். மெட்டு பொது; சொல் மட்டும் அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். முன்பே கேட்ட கவியைத் திருப்பிச் சொன்னவருக்கு மதிப்புக் குறைவுதான். பெயர் தெரியாத உம்மாமார் இட்டுக்கட்டிய இவற்றை நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்திராவிட்டால் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

வயலுக்கு இயந்திரம் வந்தது, காவல் பரண் போனது, கவி சொல்லும் நேரமும் போனது. இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இசைக்கருவிகள் ஆகுமா என்பதில் நம் ஊர்களில் கருத்து வேறுபாடு உண்டு. கோலாட்டம் போன்ற பொல்லடியும் பக்கீர்மார் தட்டும் றபானும் ஓரங்கட்டப்பட்டதில் அதற்கும் பங்குண்டு. பெண்கள் மேடையில் பாடுவதிலும் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கங்களை இகழ்ந்து எந்த விழாவையும் இங்கே கட்ட முடியாது. ஆனால் கவிக்குக் கருவி வேண்டியதில்லை, வெறுங்குரல் போதும். பெண்களின் கவியை எழுதியவர் பெயரோடு வேறொருவர் பாடலாம்.

5. தீர்ப்பு யாருடையது?

2019 சன்ரேமோவில் எகிப்தியத் தந்தைக்கும் சார்தீனியத் தாய்க்கும் மிலானில் பிறந்த மஹ்மூத் 'சொல்தி' என்ற பாட்டுடன் வந்தார். தந்தை மகன் உறவைப் பேசும் அப்பாட்டில் அரபு வரியும் இருந்தது. இறுதிச் சுற்றின் தொலைபேசி வாக்கில் அவருக்குக் கிடைத்தது 14.1 வீதம், உல்திமோ என்ற பாடகருக்கு 46.5 வீதம். பத்திரிகையாளர், சிறப்பு நடுவர் ஆகியோரின் மதிப்பெண்களும் சேர்ந்தபோது மஹ்மூத் வென்றார். மக்கள் தீர்ப்பைக் கவிழ்த்துவிட்டார்கள் என்ற கூச்சல் எழுந்தது. அதே பாட்டு அவ்வாண்டு யூரோவிஷனில் இரண்டாம் இடம் பெற்றது.

நான் நடுவர்களின் பக்கம். தொலைபேசி வாக்கு தெரிந்த முகத்துக்கும் சொந்த ஊருக்கும் சாய்கிறது. புதுப்பாட்டு ஒரே கேட்டலில் பிடிபடுவதில்லை. நம் கரையில் ஊர்ப்பற்று எவ்வளவு வலியது என்பது எல்லோருக்கும் தெரியும். தனி வாக்குக்கு விட்டால் பெரிய ஊரே ஆண்டுதோறும் வெல்லும்.

6. கல்முனைக்கு ஏற்ற வடிவம்

மருதமுனை முதல் பொத்துவில் வரை உள்ள ஊர்களுக்கு ஆண்டுக்கொரு புதுப்பாட்டு மேடை வைக்கலாம். பாட்டு முன்பு வெளியாகாததாக இருக்க வேண்டும். திரை மெட்டு ஆகாது. ஒவ்வொரு பாட்டையும் இருவர் பாட வேண்டும், அதில் ஒருவர் கருவியின்றி. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மூவருக்கும் பரிசு சமமாகப் போக வேண்டும். நடுவர்களுக்குப் பாட்டின் எழுத்துப்படியை ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் முதலில் கொடுக்கலாம். எதிர்க்கவிக்கு அதே மேடையில் தனிச் சுற்று வேண்டும். தலைப்பை அங்கேயே கொடுக்க வேண்டும்.

ஒலிப்பதிவையும் எழுத்துப்படியையும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். அங்கிருந்து பாடசாலைகளுக்குப் படி போனால், அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் பாட்டுத் தேடும் ஆசிரியர் இவற்றிலிருந்தே ஒன்றைப் பிள்ளைக்குப் பழக்கலாம்.