பரிசு பெற்ற புழு, பரிசு பெறாத இதயம்

1907. கோபன்ஹேகன் பல்கலைக்கழக நோய்க்குறியியல் பேராசிரியர் யொஹானஸ் ஃபிபிகர், காசநோய் ஆய்வு எலிகளை அறுத்துக்கொண்டிருந்தார். மூன்று எலிகளின் இரைப்பையில் கட்டிகள், கட்டிகளுக்குள் புழுக்கள்! இந்தப் புழு எங்கிருந்து வருகிறது? நகரத்து எலிகளில் ஆயிரத்துக்கு மேல் அலசியும் பயனில்லை. கடைசியில் ஒரு சர்க்கரை ஆலையின் கரப்பான் பூச்சிகளிடம் விடை கிடைத்தது. அவற்றைத் தின்ற எலிகளுக்குக் கட்டி வந்தது. புழுவால் புற்றுநோய் வருகிறது என்று 1913இல் அறிவித்தார்.

அதே 1907இல்தான், ரயில் பாதைத் தொழிலாளர்களின் மலேரியாவைக் கட்டுப்படுத்த, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்குப் போனார் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ். அங்கே மண் சுவர் விரிசல்களில் மூட்டைப்பூச்சியின் பங்காளி போல ஒரு பூச்சி. தூங்குகிறவர் முகத்தில் கடிக்கும். அதன் எச்சத்திலிருக்கும் ஒட்டுண்ணி கடிவாய் வழியே உடம்புக்குள் நுழையும். 1909இல் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தார் சாகாஸ்.

சாகாஸ் நோய் எனப்படும் இது தொற்றியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு வரை இதயம் பழுதாகிறது. அதற்கு இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். எலியின் கட்டியைச் சில மாதங்களில் மேசைமேல் காட்டிவிடலாம். இதயம் மெல்லத் தளர்வதை எப்படிக் காட்டுவது? பிரேசில் மருத்துவர்களிலேயே சிலர் இந்நோயின் பரவலைச் சந்தேகித்தார்கள்.

சாகாஸின் பெயர் நோபலுக்கு இருமுறை போனது, கிடைக்கவில்லை. 1926ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் ஃபிபிகருக்குப் போனது. 1927 டிசம்பரில் பெற்றுக்கொண்டார், மறுமாதமே இறந்தார். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், வைட்டமின் ஏ குறைந்த உணவுக்கும் அக்கட்டிகளில் பங்குண்டு, அவை புற்றுநோயே அல்ல என்றார்கள்.

அப்படியானால் ஃபிபிகர் ஏமாற்றுக்காரரா? இல்லை. அவருடைய நிஜமான சாதனை 1898இல் வெளியானது. தொண்டை அடைப்பான் நோயாளிகளில், ஒரு நாள் சேர்ந்தவர்களுக்குச் சீரம், மறுநாள் சேர்ந்தவர்களுக்கு அது இல்லாத வழக்கமான சிகிச்சை. சீரம் பெற்ற 239 பேரில் இறந்தவர்கள் 8; பெறாத 245 பேரில் 30. ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தை நம்பாதே என்ற பாடத்தின் முன்னோடிகளில் ஒன்று அது.

அந்தப் பாடம் சாகாஸ் நோய்க்கும் வந்து சேர்ந்தது. இதயம் பாதிக்கப்பட்ட 2,854 பேரிடம் பென்ஸ்னிடசோல் மருந்தையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. மருந்தால் ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. இதயச் சிதைவு நிற்கவில்லை. இதயம் கெடும் முன்பே நோயைப் பிடித்தாக வேண்டுமோ என்ற எண்ணத்தை அது எழுப்பியது.

(தொடரும்)